பீனாவுக்கு ஒரு காகிதம்

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, சார்ல்ஸ்டன் பழைய சந்தைக் கொட்டகை முன்னால் முப்பத்தொரு மஞ்சள் சட்டைகள் பேருந்திலிருந்து இறங்கியபோது ஒரீதா ஸீப்ரூக் ஒரு அடி பின்வாங்கினாள். குடும்ப ஒன்றுகூடல் என்றால் எல்லோரும் ஒரே சட்டை போடாமல் எந்தக் குடும்பமும் வராது. கைக்குழந்தைக்குக்கூட அளவு பார்த்து ஒன்று அடித்திருப்பார்கள். இந்தப் பதினோரு வருடத்தில் ஊதாவும் பச்சையும் ஆரஞ்சுமாக எத்தனையோ குடும்பங்களை அவள் சுற்றுலா வழிகாட்டியாக இந்தத் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், அடிமைகளாக இருந்த நம் கறுப்பு ஆட்களின் கதையைச் சொல்லியிருக்கிறாள். சட்டையைப் பார்த்து அவளுக்கு என்ன பயம்? சட்டையின் முதுகில் அச்சடித்திருந்ததுதான் பயம்.

'நாங்கள் பீனாவின் பிள்ளைகள்' என்று இருந்தது. அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு செங்கல், செங்கல்லில் மூன்று சின்ன விரல் தடங்கள்.

அந்தப் பீனாவைப் பெற்றவள் ஒரீதாதான். வயிற்றில் அல்ல, வாயில்.

நடந்தது இதுதான். ஒரீதா இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம், ஒரு மழை நாள். எட்டுப் பேர் கொண்ட கூட்டம். பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சந்துக்குள் கூட்டிப்போய், பழைய வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த அந்தச் செங்கல்லைக் காட்டினாள். ஈரச் செங்கல்லை வெயிலில் பரப்புவார்கள், காய்கிற வரை திருப்பிப் போடுகிற வேலை அடிமைப் பிள்ளைகளுடையது, பிடித்த இடத்தில் விரல் பதிந்துவிடும், சூளையில் வெந்தபின் அந்தத் தடம் போகாது என்று சொன்னாள். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள், "அந்தக் குழந்தை பேர் என்ன?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் அன்று காலையிலிருந்து ஒன்பது முறை தெரியாது என்று சொல்லியிருந்தாள். இந்த வீட்டைக் கட்டியது யார், தெரியாது. இந்தக் கார் நிறுத்தத்துக்கு அடியில் புதைந்திருப்பது யார், தெரியாது. வீட்டுக்காரன் பேர் தெரியும், அவன் வளர்த்த நாயின் பேர் தெரியும், எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். ஒரீதாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "பீனா" என்றாள், அந்தக் காலத்தில் அடிமைப் பெண்களுக்குச் சகஜமாக இருந்த ஒரு பேரை. "ஏழு வயசு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கைப்பேசிகள் பைக்குள் போயின. மறுநாள் அந்தப் பேர் தானாகவே வாயில் வந்தது. மூன்றாம் வருடத்தில் பீனாவுக்கு இடது கைப் பழக்கம் வந்துவிட்டது. ஐந்தாம் வருடத்தில், வாண்டோ ஆற்றங்கரைச் சூளையில் வேலை செய்துகொண்டே பாடுவாள் என்றும் ஆனது. சொல்லிச் சொல்லி ஒரீதாவுக்கே அவள் பழகிப்போனாள். காய்ச்சல் அடித்து வீட்டில் படுத்திருந்த நாட்களில் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்ட மாதிரி மனசு அடித்துக்கொள்ளும். போன வருடம் யாரோ அதைக் காணொளி எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். பிலடெல்பியாவில் ஆல்தியா மசிக் அதைப் பார்த்தாள்.

ஆல்தியா இப்போது ஒரு தடித்த கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்திலிருந்து நேராக ஒரீதாவை நோக்கி வந்தாள். நெட்டையான ஒல்லி உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி, அறுபத்து நாலு வயது. நீதிமன்ற ஆவண அறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள், இப்போதுதான் ஓய்வு.

"மிஸ் ஒரீதா, கடைசியா ஒரு வழியா பாத்துட்டோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு கடிதம் போட்டேன். மூணுக்கும் ஒரே பதில். 'நேர்ல காட்டுறேன்.' அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் இத்தன பேரையும் இழுத்துட்டு வந்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஒரீதா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

எந்த ஆவணத்தில் பீனாவின் பேரைப் பார்த்தீர்கள் என்றுதான் மூன்று கடிதத்திலும் ஆல்தியா கேட்டிருந்தாள். எதிலும் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். நேரில் காட்டுகிறேன் என்று எழுதியது அசட்டுத்தனம். வருகிறோம் என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வரமாட்டார்கள், அந்தத் தைரியம்தான்.

ஆல்தியா கோப்பைத் திறந்தாள். "இதோ பாருங்க, இது ஆயிரத்து எண்ணூத்து எழுபது கணக்கெடுப்பு. நம்ம ஆளுங்கள முதல் தடவையா பேரோட எழுதினது. அதுக்கு முன்னாடி பேர் ஏது? ஆணா பொண்ணா, வயசு என்ன, ஒரு கோடு. அவ்வளவுதான். இதுல வாண்டோ ஆத்துக்கு அக்கரைல, பீனா மசிக், வயசு அம்பத்தஞ்சு, எழுதப் படிக்கத் தெரியாது. இவகிட்ட வந்து முட்டி நின்னேன், பத்தொன்பது வருஷம். அப்பறம் உங்களப் பாத்தேன். அதே ஆத்தங்கரை, அதே பேர். வீடு கட்டினது ஆயிரத்து எண்ணூத்து இருபத்திரெண்டுன்னு சொன்னீங்க. கழிச்சுப் பாத்தா ஏழு வயசு."

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒன்றுமில்லை. மேலே அழகான கையெழுத்தில் 'பீனா, முதல் காகிதம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"இத உங்களுக்காகத்தான் காலியா வச்சிருக்கேன்" என்றாள்.

ஒரீதா அந்தச் சீட்டையே பார்த்தாள். இப்போதே சொல்லிவிடு என்றது மனம். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"அக்கா, அந்தம்மாவ மூச்சு விட விடு. இன்னும் ஒரு அடிகூட நடக்கல, அதுக்குள்ள விசாரணைய ஆரம்பிச்சுட்டியே."

ஆல்தியாவின் தம்பி கார்னெல். டெலவேர் ஆற்றில் இழுவைப் படகு ஓட்டியவன், தோள்கள் இன்னமும் கதவு அகலம். சட்டை அவனுக்கு ஒரு அளவு சின்னதாக இருந்தது, தொப்பைமேல் இறுகிக் கிடந்தது.

"நான் உன்கிட்டயா பேசினேன்?" என்றாள் ஆல்தியா. "நீ போய்த் தண்ணி குடி. மயங்கி விழுந்தா உன்னைத் தூக்க கிரேன்தான் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரீதாவும் சிரித்தாள். சொல்லவேண்டிய நேரம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

நடக்க ஆரம்பித்தார்கள். ஜூலை வெயில் ஒன்பது மணிக்கே முதுகைப் பொசுக்கியது. ஒரீதா குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கப்பலில் பாரத்துக்காக ஏற்றி வந்த கற்களைப் பாவிய தெருவில் நின்று பேசினாள். மனிதர்களை ஏலம் விட்ட இடத்தில் நின்று பேசினாள். பூட்டுக்கடை வைத்துத் தன் விடுதலையைத் தானே சம்பாதித்துக்கொண்ட கொல்லனைப் பற்றிப் பேசினாள். அதெல்லாம் ஆதாரமுள்ள கதை. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. மனம் முழுக்க இரண்டு தெரு தள்ளியிருந்த சந்திலேயே இருந்தது. இன்னும் அரை மணி, இன்னும் இருபத்தைந்து நிமிடம் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். குடைப்பிடி வேர்வையில் வழுக்கியது.

ஒரு தேவாலய நிழலில் எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றபோது, ஆல்தியாவைத் தனியாக ஓரங்கட்டினாள்.

"மிஸ் ஆல்தியா, சுவருக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் ஆல்தியா. குரலைத் தாழ்த்தினாள். "இவன் இருக்கான் பாருங்க, கார்னெல், இருவது வருஷமா எந்த ஒன்றுகூடலுக்கும் வந்ததில்ல. 'செத்துப்போனவங்க கணக்க எடுத்து என்ன பண்ணப்போற'ன்னு என்னைக் கேலி பண்ணுவான். அந்தக் கல்லோட படத்த அனுப்பினேன். மறுநாள் போன் பண்ணி என்ன கேட்டான் தெரியுமா? 'அக்கா, அந்தத் தடத்துல என் விரல் நுழையுமா?' அவ்வளவுதான் கேட்டான். எனக்கு அழுகையே வந்துருச்சு." அவள் ஒரீதாவின் தோளில் தட்டினாள். "நீங்க சொல்ல வந்தது என்ன?"

ஒரீதா கார்னெலைப் பார்த்தாள். அவன் யாருடைய குழந்தையையோ தோளில் வைத்துக்கொண்டு, தன் சுட்டுவிரலைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றாள் ஒரீதா. "குழந்தைகளுக்குத் தொப்பி போடச் சொல்லுங்க."

தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஐம்பத்தாறு வயது, தேவாலயத்தில் சாட்சி சொல்லிக் கைதட்டு வாங்குகிற பெரிய மனுஷி, ஒரு வரி உண்மை பேச முடியவில்லை. அடுத்த திருப்பத்தில் அதைவிடக் கேவலமான ஒரு காரியமும் செய்தாள்.

"இன்னிக்கு அந்தச் சந்துக்குள்ள போக முடியாதுன்னு நெனக்கிறேன்" என்று குடையை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "கடல் ஏறியிருக்கு, ஏறினா இந்த ஊர்த் தெருவுல எல்லாம் தண்ணி வந்துரும். முழங்கால் வரைக்கும் நிக்கும். நாம நேரா துறைமுகத்துக்குப் போயிரலாம்."

கூட்டத்திலிருந்து ஒரு ஏமாற்றப் பெருமூச்சு வந்தது. கார்னெல் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தான்.

"கடல் ஏறலையேம்மா" என்றான். "வத்தம்தான் இது, தண்ணி எறங்கிக் கெடக்கு. சேத்து நாத்தம் மூக்கத் தொளைக்குது பாருங்க. காலைல ஹோட்டல் ஜன்னல்லயே பாத்தேன், மத்தியானத்துக்கு மேலதான் ஏறும். முப்பது வருஷம் தண்ணில கெடந்தவன்கிட்டயே தண்ணி கதை சொல்றீங்களே."

மறுபடியும் சிரிப்பு. ஆல்தியா மட்டும் சிரிக்கவில்லை. ஆவண அறையில் முப்பத்தெட்டு வருடம் மனிதர்களின் முகத்தையும் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்தவள். ஒரீதாவை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ போலாமே" என்று மட்டும் சொன்னாள்.

சந்து காய்ந்துதான் கிடந்தது. முப்பத்தொரு பேரும் உள்ளே நுழைந்ததும் எள் விழ இடமில்லை. யாரும் சொல்லாமலே பேச்சு அடங்கியது. செங்கல் அதே இடத்தில், அதே மூன்று தடங்களோடு இருந்தது. சின்னவர்கள் முதலில், பெரியவர்கள் பின்னால் என்று வரிசை நிற்க ஆரம்பித்தார்கள். யாரோ முன்னமே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

"இருங்க, முதல்ல நீர் ஊத்தணும்" என்றாள் ஆல்தியா.

பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். "நாளைக்கு தேவாலயத்துல செத்துப்போன நம்ம முன்னோர் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறோம். ஆனா பீனாவ முதல்ல இங்க கூப்பிடணும்னு தோணுச்சு. இது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, பிலடெல்பியாலேர்ந்து எடுத்துட்டு வந்தது. நாங்க எங்க இருக்கோம்னு அவளுக்குத் தெரியட்டும்." குப்பியை ஒரீதாவிடம் நீட்டினாள். "பேர நீங்க கூப்பிடுங்க மிஸ் ஒரீதா. அவள எங்களுக்குக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நீங்கதானே."

ஒரீதாவின் கை குப்பியை வாங்கிக்கொண்டது. வேறு என்ன செய்ய முடியும்?

அவள் ஊருக்குப் பக்கத்து ஜான்ஸ் தீவில் பிறந்து வளர்ந்தவள். பேர் சொல்லி நீர் ஊற்றினால் செத்தவர்கள் வந்து பக்கத்தில் நிற்பார்கள் என்பது அவள் வீட்டில் யாரும் சந்தேகித்த விஷயம் இல்லை. ஒத்திகைக்குக்கூட அவள் அப்பா அதைச் செய்ய விடமாட்டார். கூப்பிட்டுவிட்டு வேலை இல்லை என்று திருப்பி அனுப்ப அவர்கள் என்ன உன் வேலைக்காரர்களா என்பார். பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கானவர்களிடம் பீனாவைப் பற்றிப் பொய் சொன்னவள், ஒரு நாள்கூட பீனாவுக்கு நீர் ஊற்றியதில்லை. அது ஏன் என்று இதுவரை தன்னையே கேட்டுக்கொண்டதுமில்லை. இல்லாத பிள்ளையைக் கூப்பிட்டால் எது வந்து நிற்கும்? அல்லது, கல்லைத் தொட்ட உண்மையான பிள்ளை இத்தனை வருடமும் இங்கேயே நின்றுகொண்டு, வேறு யாரையோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால்?

ஒரீதா குப்பியைத் தாழ்த்தினாள்.

"என்னால முடியாது" என்றாள்.

"ஏன்?" என்று ஆல்தியா கேட்ட விதத்தில், பதில் அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது.

"அந்தப் பேர் நான் வச்சது. எந்தக் காகிதத்துலயும் இல்ல. ஒருத்தி கேட்டா, வாய்ல வந்தது, சொன்னேன். அப்பறம் நிறுத்த முடியல. உங்க கடிதம் வந்தப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. காலைலேர்ந்து சொல்லப் பாக்கறேன், தைரியம் வரல. தண்ணி ஏறிடுச்சுன்னு சொன்னதும் பொய்தான்."

பின்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். கார்னெல் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தான். பிறகு முன்னால் வந்தான்.

"நம்மளப் பத்தி இல்லாததெல்லாம் எழுத ஊர்ல ஆளே இல்லன்னு நெனச்சியா?" என்றான். சத்தம் போடவில்லை, அதுதான் ஒரீதாவைக் கொன்றது. "முன்னூறு வருஷமா அவனுங்க எழுதினது போதலையா? நீயும் சேந்து எழுதணுமா?"

"கார்னெல்" என்றாள் ஆல்தியா.

"இல்லக்கா, நான் கேக்கணும். நான் இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பஸ்ல ஏறுவேன்?"

"சட்டைக்கு ஒண்ணும் ஆகல. கழட்டாத." ஆல்தியா கோப்பைத் திறந்து கணக்கெடுப்புத் தாளில் விரலை வைத்தாள். "இந்த பீனா நெசம். கணக்கெழுத வந்தவன் முன்னாடி நின்னு, தன் வாயால தன் பேரச் சொல்லியிருக்கா. அவ நம்மவ. இந்தம்மா குடுத்தும் வரல, இந்தம்மா எடுத்தும் போகமாட்டா." ஒரீதா பக்கம் திரும்பினாள். "கல்லு?"

"கல்லு நெசம். விரல் நெசம். சூளைல பிள்ளைங்க வேலை செஞ்சது நெசம், அதுக்கு ஆதாரம் இருக்கு. பேர், வயசு, பாடினது, எல்லாம் நான் சேத்தது."

"எதுக்காக?"

"தெரியாது தெரியாதுன்னு சொல்லியே அலுத்துப்போச்சு."

ஆல்தியா கணக்கெடுப்புத் தாளிலிருந்து விரலை எடுத்தாள். "எனக்கு மட்டும் அலுக்கலையா?" என்றாள். "பத்தொன்பது வருஷம். ராத்திரி பகல்னு பாக்காம தேடிட்டு, ஒவ்வொரு தடவையும் இதுங்ககிட்ட வந்து தெரியலன்னு சொன்னேனே. ஒரு பேர வச்சுட்டுப் போக எனக்குத் தெரியாதா?"

ஒரீதாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது; அழ வெட்கமாகவும் இருந்தது. அழுகை இவர்களுக்காக மட்டும் இல்லை. இடது கைக்காரி, பாடுகிறவள், ஏழு வயதுக்காரி, அவளும் இந்த நிமிடத்தோடு போய்விட்டாள். அவளுக்காக அழ உலகத்தில் ஒரீதாவைத் தவிர யாருமில்லை, ஒரீதாவுக்கோ அந்த உரிமை இல்லை.

ஆல்தியா கோப்பின் கடைசியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, பேனாவோடு நீட்டினாள்.

"எழுதுங்க."

"என்ன எழுதணும்?"

"இப்ப சொன்னீங்கள்ல, அதத்தான். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. எனக்கப்பறம் யாராவது இந்தக் கோப்ப எடுத்துத் தேடுவாங்க. உங்க காணொளியப் பாப்பாங்க. அவங்க பத்தொன்பது வருஷத்த வீணாக்கக் கூடாது."

தாளைக் கோப்பின் அட்டைமேல் வைத்து, அட்டையைக் கார்னெல் பிடித்துக்கொள்ள, ஒரீதா எழுதினாள். குப்பியை ஆல்தியா வாங்கிக்கொண்டாள். 'இந்தச் செங்கல்லில் இருக்கும் விரல்கள் ஒரு பிள்ளையுடையவை. பீனா என்ற பேரை நான் இட்டேன். அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது.' கையெழுத்துப் போட்டாள். வேர்வை ஒரு சொட்டு தேதிமேல் விழுந்து மை கசிந்தது. ஆல்தியா வாங்கி, வாய்விட்டு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். 'பீனா, முதல் காகிதம்' என்ற சீட்டை உரித்து எடுத்தாள். அந்தக் காலி உறைக்குள் தாளை நுழைத்தாள். பேர் எழுதாத உறையாக அது கோப்புக்குள் போயிற்று.

"இப்ப ஊத்துங்க" என்று குப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த பீனாவ நாங்க நாளைக்குக் கூப்பிட்டுக்கறோம். இந்தப் பிள்ளைய நீங்க கூப்பிடுங்க. எழுதினத மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

ஒரீதா சுவரடியில் குனிந்தாள். பதினோரு வருடமாக இந்த இடத்தில் அவளுக்கு வார்த்தை பஞ்சமானதில்லை. குப்பியைச் சாய்த்தாள். பிலடெல்பியாத் தண்ணீர் செங்கல்லில் வழிந்து, மூன்று தடங்களிலும் ஒரு கணம் நின்று, இறங்கியது.

"உன் பேர் எனக்குத் தெரியாது" என்றாள்.

அப்படியே ஆகட்டும் என்பதற்கு அவர்கள் சொல்வது ஆஷே. யாரும் சொல்லவில்லை. ஒரீதா குனிந்தபடியே காத்திருந்தாள். பிறகு பின்னால், கனத்த குரலில், கார்னெல் சொன்னான், "ஆஷே." அதன்பின் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

மறுபடியும் வரிசை நின்றது, சின்னவர்கள் முதலில். கார்னெல் கடைசி ஆள். சுட்டுவிரலை நடுத் தடத்தில் வைத்துப் பார்த்தான். நகம்கூட நுழையவில்லை. வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"ரொம்பச் சின்னப் புள்ளக்கா" என்றான்.

ஆல்தியா கோப்பை மூடினாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, போகும்போதும் சொல்லவில்லை.

"உங்களுக்கு அடுத்த கூட்டம் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு."

"காணொளி பாத்துட்டுத்தான் வருவாங்க. பேர் கேப்பாங்க."

"ஆமா" என்றாள் ஒரீதா. ஈரம் காய்ந்துகொண்டிருந்த செங்கல்லைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல், அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்குத் தெரியாது, புள்ள.